மலை ஏறி ஏரி பார்ப்பவர்கள்

புதுச்சேரிக்காரர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஒரே ஒரு குறை உண்டு. கடல் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல் நேரான வீதிகள் இருக்கின்றன. மஞ்சள் சுவரும் அதன் மேல் படர்ந்த காகிதப்பூவும் இருக்கின்றன. ஆனால் மலை இல்லை. கோரிமேடு என்று ஒரு மேடு உண்டு. அது மேடு என்பது சைக்கிள் மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும். மோட்டார் வந்த பிறகு அதுவும் தெரியாமல் போய்விட்டது. ஆகவே கோடை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடியதும் இந்த ஊர் ஜனங்கள் மலையைத் தேடிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள்.

போன வருஷம் எங்கள் தெருவிலிருந்தும் ஒரு வேன் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் என் சிநேகிதர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற வார்த்தைக்கு இன்னும் அர்த்தம் தெரியாதவர்.

"நீங்களும் வாங்க சார். சும்மா எழுதிக்கிட்டே உட்கார்ந்திருந்தா எப்படி? கொடைக்கானல்ல மலை மேலேருந்து ஏரியைப் பார்க்கலாம். கொஞ்ச தூரம் நடக்கணும், அவ்வளவுதான். உங்க முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

போனேன். எனவே இனி நான் சொல்லப்போகும் கடுஞ்சொற்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வாசகர்கள் முதலிலேயே குறித்துக் கொள்ளலாம்.

ராத்திரி முழுவதும் பிரயாணம். காலையில் மலைப்பாதையில் வண்டிகளின் வரிசை. கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக் கொண்டுதான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் அதுவும் போதாமல், கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். மலையைப் பார்க்க வருகிறவர்களிடமிருந்து மலையைக் காப்பாற்ற நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கிறது. நம்முடைய ரசனையைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனத்தை எந்த விமரிசகனும் எழுதியதில்லை.

காட்சி முனைக்கு வந்து சேர்ந்தோம். 'கொஞ்ச தூரம் நடக்கணும்' என்றாரே, அந்த நடை அறுபது எழுபது அடி இருக்கும். டிரைவர் பத்து நிமிஷம் கொடுத்தார். கம்பி வேலியோரம் ஒரே நெரிசல். கீழே ஏரி கிடந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் கண்ணுக்குத் துரோகம். ஆனால் அங்கே நின்ற நூறு பேரில் தொண்ணூறு பேர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நீட்டி, செல்போனைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். முதுகால் ஏரி பார்க்கும் வித்தையை அன்றுதான் கண்டேன். ஏழாவது நிமிஷம் வேன் ஹாரன் அடித்தது.

இதையெல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன். ஊரெல்லாம் செய்வதை நாங்களும் செய்தோம் என்று விட்டிருப்பேன். ஆனால் வேனில் ஏறும்போது சிநேகிதர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஹூம்! இந்த மாதிரி ஒரு ஏரி நம்ம ஊருக்கு இல்லையே சார்!"

அந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை.

கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்ற துரை ஓடைத் தண்ணீரை மறித்துக் கட்டியது அது. அதற்கு முன்பே, 1820-களில், உதகமண்டலத்தில் ஜான் சல்லிவன் ஓர் ஏரியை வெட்டி வைத்தார். வெயில் பொறுக்காமல் மலைக்கு ஓடிய துரைமார்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வந்தது. ஊர் ஞாபகத்துக்கு ஏற்ற ஏரி ஒன்று வேண்டியிருந்தது. தப்பு ஒன்றும் இல்லை. காசு செலவழித்தார்கள், அனுபவித்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். துரைமார் போன பிறகும் அவர்கள் கண்ணை நாம் கழற்றி வைக்கவில்லை என்பதுதான் என் புகார். ஏரி என்றால் குளிர்ந்த மலையில் இருக்க வேண்டும், மேலேயிருந்து பார்க்க வேண்டும், சுற்றிலும் பைன் மரம் நிற்க வேண்டும் என்று நாமும் நம்பிக்கொண்டு, அந்த இலக்கணத்துக்கு ஒத்து வராத ஏரிகளையெல்லாம் ஏரி என்றே எண்ணாமல் விட்டுவிட்டோம்.

என் சிநேகிதர் பிறந்து வளர்ந்த புதுச்சேரிப் பிரதேசத்தில் 84 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் பெரியது ஊசுட்டேரி. அவர் வீட்டிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வில்லியனூர்ப் பக்கமாகப் போய்ப் பத்துக்கண்ணில் திரும்பினால் வந்துவிடும். பரப்பு ஏறக்குறைய 800 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் இரண்டாயிரத்தை ஒட்டும். எந்த ஏரியை எண்ணிப் பெருமூச்சு விட்டாரோ, அதைப் போல முப்பது ஏரிகளை இதற்குள் போட்டு மூடிவிடலாம்.

இதை வேனிலேயே அவரிடம் சொன்னேன்.

"அட போங்க சார்! அது பாசன ஏரி" என்றார்.

'அது பாசன ஏரி.' பெற்ற தாயைப் பற்றி 'அவள் சமையல்காரி' என்று சொல்வது போலிருந்தது எனக்கு. நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரி அழகில் சேர்த்தியில்லை. படகு விட மட்டும் பிறந்த ஏரிதான் அழகு! புதுச்சேரி நகரத்துக் குழாய்களில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர். கடலோரத்து ஊர் இது. கீழே நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வந்துகொண்டும் இருக்கிறது. மேற்கே ஏரிகளில் நிற்கிற தண்ணீர் மண்ணில் இறங்கிக் கீழே போய்ச் சேர்வதால்தான் உப்பின் கை ஓங்காமல் இருக்கிறது. ஆகவே 'பாசன ஏரி' என்று தள்ளிவிட்டவர் காலையில் வாய் கொப்பளிக்கிற தண்ணீரிலும் அந்த ஏரிக்குப் பங்கு உண்டு.

இந்த ஊருக்குத் தண்ணீரின் அருமை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது என்பதுதான் வேடிக்கை. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அது எந்தப் படை வெற்றிக்காகவும் எழுந்ததல்ல. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த சந்தோஷத்தில் எழுப்பியது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் சரித்திரம் என்ற விசாரணை வேண்டாம். ஒரு பேரரசின் பெயரால் கட்டிய மண்டபத்தை, தண்ணீர் கொடுத்த ஒரு தாசியின் பெயரால் அழைத்த ஊர் இது. அந்த ஊர்தான் இன்று 60 ஏக்கரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது.

ஊர் திரும்பிய பிறகும் எனக்கு ஆறவில்லை. "மலைமேலேருந்து தண்ணி பார்க்கணும், அவ்வளவுதானே? தை மாசம் வாங்க, நான் காட்டறேன். வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம்" என்று சிநேகிதரிடம் பந்தயம் கட்டினேன். தையில் இருவருமாகச் செஞ்சிக்குப் போனோம்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் செஞ்சி அந்நியம் இல்லை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைத் தினமும் பார்க்கிறோம். சாய்ந்துகொண்டு சுண்டல் தின்கிறோம். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் புஸ்ஸியின் படை அந்தக் கோட்டையைப் பிடித்தது. 1761-ல் புதுச்சேரி விழுந்த சில மாதங்களில் செஞ்சியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. இடையில் இருந்த பத்து வருஷத்து உறவுக்குச் சாட்சி அந்தத் தூண்கள். 2025 ஜூலையில் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அந்தச் செய்தி வந்த அன்று என் சிநேகிதர் கைதட்டினார். ஆனால் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த மலையில் அவர் அதுவரை ஏறியதில்லை.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மலை ஏறுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கற்படிகளில் ஏறுகிறவன் சிரிக்க மாட்டான். மூச்சு வாங்கும். குரங்குகள் கைப்பையைக் கவனித்துக் கொண்டே கூட வரும். ஒரு வாசல், அதற்கு மேல் இன்னொரு வாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதன் மேல் ஒரு சிறு பாலம். அதைத் தாண்டினால்தான் மேலே ரங்கநாதர் கோயில் இருக்கும் இடத்துக்குப் போக முடியும். எங்கள் இருவருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எந்த டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை.

மேலே போனதும் சிநேகிதர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மழை முடிந்த தை மாசம். மலையடியில் செட்டிகுளமும் சக்கரகுளமும். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை வயல். வயல்களுக்கு நடுவே சின்னதும் பெரியதுமாக ஏரிகள், உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் போல் வெயிலில் மின்னிக் கொண்டிருந்தன.

"எத்தனை ஏரி சார்!" என்றார் கடைசியில்.

முகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்தது 1690-ல். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! மதில் மட்டும் இருந்தால் எந்தக் கோட்டையும் எட்டு வருஷம் நிற்காது. உள்ளே சுனையும் குளமும் வேண்டும். இதைக் கட்டியவர்கள் தண்ணீரை வைத்துத்தான் மதிலைக் கட்டியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க ஏறிய எங்களுக்கு அது மேலே போன பிறகுதான் உறைத்தது.

அங்கேதான் சிநேகிதரிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்தச் செஞ்சிச் சுற்று வட்டாரத்து மலைகளில் விழுகிற மழைதான் சங்கராபரணி ஆறாகப் புறப்படுகிறது. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. வீடூரில் 1959-ல் கட்டிய அணை அதை நிறுத்தி வைக்கிறது. அணை தமிழ்நாட்டில் இருந்தாலும் அதன் தண்ணீரில் புதுச்சேரி நிலத்துக்கும் பங்கு உண்டு. பிறகு ஆறு புதுச்சேரிப் பிரதேசத்துக்குள் வருகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் அதிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோய் ஊசுட்டேரியில் விடுகிறது. மீதி ஆறு வில்லியனூரைத் தொட்டு, அரியாங்குப்பம் பக்கம் கடலில் சேர்கிறது.

"அதாவது, நம்ம ஏரிக்கு மலை இங்கே இருக்குங்கறீங்க" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பியது முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மலையும் ஏரியும் ஒரே காட்சிக்குள் அடங்க வேண்டும், அதுவும் பத்து நிமிஷத்தில் அடங்க வேண்டும் என்று கேட்கிறவனுக்குக் கொடைக்கானல் போதும். மலைக்கும் ஏரிக்கும் என்ன உறவு என்று கேட்கிறவன் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த உறவு எழுபது கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு முனையில் ராஜகிரி, மறுமுனையில் நம் வீட்டுக் கிணறு.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன்.

"கோடையில் கொஞ்சம் குளிர்ச்சி தேடிப் போவது குற்றமா?" என்று கேட்பார்கள். இல்லை. வெயிலில் வெந்தவன் நாலு நாள் குளிரில் இருந்துவிட்டு வரட்டும். ஆனால் குளிருக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். ஏரி பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டாம்.

"ஊசுட்டேரியிலும் ஒரு காட்சிக் கோபுரம் கட்டி, கடை கண்ணி வைத்து, ஜனங்கள் வர ஏற்பாடு செய்தால் அதுவும் பிழைத்துவிடுமே?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு சாரார். இவர்கள் நல்லவர்கள், ஆகவே அதிக ஆபத்தானவர்கள். ஜனங்கள் பார்க்கிற ஏரி பிழைத்துக் கொள்ளும் என்பது உண்மையானால், மலை நகரங்களுக்கு இ-பாஸ் எதற்கு? ஏரி செத்துப் போவது கரையோரத்தில் அல்ல. வரத்து வாய்க்கால் தூர்ந்தால் சாகிறது. நீர்பிடிப்பில் மனை போட்டால் சாகிறது. இவற்றில் ஒன்றுகூடக் கோபுரத்தின் மேலிருந்து தெரியாது. கோபுரத்திலிருந்து பார்த்தால் சாகிற ஏரியும் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக, சட்டம் இருக்கிறதே என்பவர்கள். இருக்கிறது. ஊசுட்டேரியில் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. குளிர்காலத்தில் தூர தேசங்களிலிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும் இடம் அது. புதுச்சேரி தன் பாதியை 2008-ல் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியை அறிவித்தது 2015-ல். இடைப்பட்ட ஏழு வருஷமும் கூழைக்கடாக்கள் எல்லைக் கோட்டை விசாரித்துக்கொண்டா தண்ணீரில் இறங்கியிருக்கும்? அறிவிப்பு நல்லதுதான், ஆனால் காகிதம் ஏரியை இரண்டாகத்தான் பார்க்கிறது. மலையிலிருந்து கடல் வரை ஒன்றாகப் பார்க்க வேண்டியது ஜனங்களின் வேலை. பார்க்கத் தெரிந்த ஜனங்கள் இருந்தால்தான் இரண்டு சர்க்காரையும் ஒரே கேள்வி கேட்க முடியும்.

பார்க்கத் தெரிந்த ஜனங்களை எங்கே பிடிப்பது? பள்ளிக்கூடத்தில்தான். என் கோரிக்கை சிறியது. புதுச்சேரியில் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வருஷா வருஷம் எங்கேயோ ஒரு சுற்றுலா போகத்தான் போகிறது. அதில் ஒரு நாளை எனக்குக் கொடுங்கள். காலையில் பிள்ளைகள் ராஜகிரி ஏறட்டும். இறங்கி வந்து வீடூர் அணையைப் பார்க்கட்டும். அங்கிருந்து சுத்துக்கேணியில் ஆறு எங்கே பிரிகிறது என்று பார்க்கட்டும். சாயங்காலம் ஊசுட்டேரிக் கரையில் நிற்கட்டும். மறுநாள் வகுப்பில், 'உன் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரே ஒரு கேள்வி. குழாயிலிருந்து என்று எழுதுகிற பிள்ளைக்குப் பூஜ்யம் போடலாம். அதே பதிலை எழுதக்கூடிய தகப்பனார்களுக்கும் போடலாம். ஆனால் அவர்கள் பரீட்சைக்கு வரமாட்டார்கள்.

செஞ்சியிலிருந்து திரும்பிய மறு வாரம், சாயங்கால வேளையில், சிநேகிதரே என்னை ஊசுட்டேரிக்குக் கூட்டிக் கொண்டு போனார். கரைமேல் ஏறினோம். ராஜகிரி ஏறிய கால்களுக்கு அது ஒரு ஏற்றமே இல்லை. தண்ணீர் தளும்பிக் கொண்டிருந்தது. நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக மிதந்து கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். சிநேகிதர் அவரை நிறுத்தி, "ஐயா, இந்த ஏரிக்கு வரத்து வாய்க்கால் எந்தப் பக்கம் வருதுங்க?" என்று கேட்டார்.

பெரியவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க? மனை பார்க்க வந்தீங்களா?" என்றார்.

சிநேகிதருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான். கரைக்கு வந்து நின்று ஏரியைப் பற்றிக் கேள்வி கேட்கிற பட்டணத்து ஆள் வேறு எதற்கு வருவான் என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம்தான். "இல்லைங்க ஐயா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று சிநேகிதர் சொன்ன பிறகு, பெரியவர் கோலை நீட்டி வடமேற்கே காட்டினார். "அங்கேருந்துதான் வரணும். எல்லா வருஷமும் ஒழுங்கா வந்துடுதா, என்ன?" என்று சொல்லிவிட்டு மாட்டின் பின்னால் போனார்.

அவர் கோல் நீட்டிய திசையில் செஞ்சி இருக்கிறது. எங்கள் ஊருக்கு மலை இல்லை என்ற குறை எனக்கு அன்றோடு தீர்ந்தது. மலை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அதன் தண்ணீர் வழியெல்லாம் தட்டுத் தடுமாறி நம்மிடம் வந்து கொண்டிருக்கிறது. வருஷத்தில் ஒரு நாளாவது நாம் அதற்கு எதிரே நடந்து போய், வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் என்ன?